கெலுகோர் நகரமான கதை: எல்லைகளும் வீடுகளும் நம் கையிலுள்ள காகிதமும்

ஆண்டுக்கு இருமுறை நம் வீடுகளுக்கு ஒரு கடிதம் வருகிறது. மதிப்பீட்டு வரிக் கடிதம். ‘சுக்காய் பிந்து’ என்று மலாயில் சொன்னால்தான் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் புரியும். முன்பெல்லாம் வாப்பா அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கொம்தார் வரை போய், வரிசையில் நின்று கட்டிவிட்டு வருவார். இன்று பிள்ளைகள் கைப்பேசியிலேயே கட்டிவிடுகிறார்கள். கட்டிய பிறகு அந்தத் தாளை யாரும் பார்ப்பதில்லை.

ஆனால், மூத்தோர் வீட்டு அலமாரியில் பழைய ரசீதுக் கட்டு இருந்தால் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். கெலுகோரில் ஒரே வீட்டுக்கு மூன்று வெவ்வேறு பெயர்களில் வரி கேட்டு வந்திருக்கும். முதலில் பினாங்குத் தீவு ஊரக மாவட்ட மன்றம், பிறகு பினாங்குத் தீவு நகராண்மைக் கழகம், இப்போது பினாங்குத் தீவு மாநகர் மன்றம். வீடு இருந்த இடத்தில்தான் இருந்தது. நகரத்தின் எல்லைதான் நகர்ந்து வந்து நம் வாசலைத் தாண்டிப் போனது.

நம் சங்கத்தின் பொன்விழா மலரில் நிர்வாகிகள் வரலாறும், நடந்த விழாக்களின் வரலாறும் இடம்பெறுவது முறையே. அதோடு நாம் குடியிருக்கும் இந்த மண்ணின் வரலாறும் ஓரிடத்தில் பதிவாக வேண்டும் என்று கருதினோம். கெலுகோர் எப்படி நகரத்தோடு இணைக்கப்பட்டது, இங்கே வீடு கட்ட அனுமதி கொடுப்பவர் யார், அந்த அனுமதியைக் கேள்வி கேட்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதை நம் அடுத்த தலைமுறை தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜாதிக்காய்த் தோட்டமாக இருந்த ஊர்

மீன் கறியில் புளிப்புக்காக நாம் போடும் ஆசாம் கெப்பிங், கெலுகோர் மரத்தின் காயை அரிந்து காயவைத்தது. அந்த மரத்தின் பெயரே ஊருக்கும் வந்தது என்பர். 1786இல் பிரான்சிஸ் லைட் இத்தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கைப்பற்றிய சில ஆண்டுகளில், டேவிட் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இங்கே வந்து பெரும் நிலச்சுவான்தார் ஆனார். கெலுகோர் தோட்டம் அவருடையது. ஜாதிக்காயும் கிராம்பும் அங்கே பயிராயின. 1860களில் நோய் தாக்கிப் பினாங்கின் ஜாதிக்காய்த் தோட்டங்கள் அழிந்தன. பெயர்கள் மட்டும் நிலைத்துவிட்டன. இன்றும் நாம் ‘பிரவுன் கார்டன்’ என்கிறோம். ‘புவா பாலா சாலை’ என்கிறோம். புவா பாலா என்றால் மலாயில் ஜாதிக்காய்.

நம் முன்னோர் அப்போது இங்கே இல்லை என்றே சொல்லலாம். தென்னிந்தியக் கடற்கரையிலிருந்து வந்த நம் சமூகத்தினர் தஞ்சோங்கில், சூலியா தெருவையும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலையும் சுற்றியே வாழ்ந்தனர். கப்பல் வேலை, பணமாற்று, புத்தகக் கடை, நாசி கண்டார் என எல்லாமே துறைமுகத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்தன. கெலுகோர் என்பது தென்பக்கம் மாட்டு வண்டி போகும் தோட்டப்புறம். இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன்பு பிரிட்டிஷ் படைக்கு மின்டன் முகாம் இங்கே எழுந்தது. அந்த முகாமில்தான் பிற்காலத்தில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இடம்பிடித்தது.

நகரத்துக்கு ஓர் ஆட்சி, ஊரகத்துக்கு ஓர் ஆட்சி

உள்ளூராட்சியில் பினாங்குக்கு நீண்ட வரலாறு உண்டு. 1800இலேயே சாலை, சாக்கடை முதலியவற்றுக்காக வரி மதிப்பிடும் குழு ஒன்று ஜார்ஜ் டவுனில் அமைந்தது. 1857இல் நகராண்மை ஆணையம் உருவானது. வரி செலுத்துவோர் ஆணையர் சிலரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அப்போதே இருந்தது. 1913இல் அந்தத் தேர்தல் முறை எடுக்கப்பட்டது. பிறகு 1951 டிசம்பர் 1இல் ஜார்ஜ் டவுனில் மீண்டும் நகராண்மைத் தேர்தல் நடந்தது. மலாயாவிலேயே போருக்குப் பின் நடந்த முதல் தேர்தல் அது. தஞ்சோங், கெலாவை, ஜெலுத்தோங் ஆகிய மூன்று வட்டாரங்களில் மக்கள் வாக்களித்தனர்.

1957 ஜனவரி 1இல், நாடு விடுதலை பெறுவதற்கு எட்டு மாதங்களுக்கு முன், எலிசபெத் அரசியாரின் சாசனத்தால் ஜார்ஜ் டவுன் மாநகரமானது. அதன் முதல் மேயராகப் பொறுப்பேற்றவர் தொழிற்கட்சியின் டி. எஸ். இராமநாதன் என்ற தமிழர். ஆசிரியராக இருந்தவர். ஒரு தமிழர் மாநகரத் தந்தையாக வீற்றிருந்த காலம் நம் தந்தையர் தலைமுறைக்குப் பெருமையான காலம்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த மாநகரத்தின் எல்லை தீவு முழுவதையும் தழுவவில்லை. எல்லைக்கு வெளியே இருந்த தோட்டங்கள், கம்பங்கள், மீனவர் குடியிருப்புகள் ஆகியவை தீவின் ஊரக மாவட்ட மன்றத்தின் கீழ் இருந்தன. கெலுகோர் பக்கமும் அப்படித்தான். நகரத்துக்குள் விளக்கு, குழாய்த் தண்ணீர், கட்டட விதிகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. வெளியே நிலம் மலிவு, விதிகள் தளர்வு. வீடு கட்ட நினைப்பவரின் கண் எப்போதும் எல்லைக்கு வெளியேதான் போகும். உலகில் எந்த நகரத்தை எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான். முதலில் வீடுகள் எல்லையைத் தாண்டும். பிறகு எல்லை வீடுகளைத் துரத்திக்கொண்டு வரும்.

இணைப்பு வந்தது, வாக்கு போனது

1965 மார்ச் மாதம், இந்தோனேசியாவுடனான மோதல் காலத்தில், நாடு முழுவதும் உள்ளூராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. தற்காலிகம் என்றே அப்போது சொல்லப்பட்டது. மறு ஆண்டு, நிர்வாகச் சீர்கேட்டுக் குற்றச்சாட்டுகளைக் காரணம் காட்டி, ஜார்ஜ் டவுன் மாநகர் மன்றத்தின் பணிகளை மாநில அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. உள்ளூராட்சியின் எதிர்காலத்தை ஆராய அமைக்கப்பட்ட அரச ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் செனட்டர் அத்தி நாகப்பன். அவரும் ஒரு தமிழர். தேர்தல் வழியாக அமையும் உள்ளூராட்சியே வேண்டும் என்பது அந்த ஆணையத்தின் பரிந்துரை. அது ஏற்கப்படவில்லை.

1974இல் ஜார்ஜ் டவுன் மாநகர் மன்றமும் பினாங்குத் தீவு ஊரக மாவட்ட மன்றமும் ஒரே நிர்வாக வாரியத்தின் கீழ் கொண்டுவரப்பட்டன. 1976இல் அது பினாங்குத் தீவு நகராண்மைக் கழகமானது. பினாங்கு மாநிலத்தில் அதுவரை இருந்த ஐந்து உள்ளூராட்சி மன்றங்கள் இரண்டாகச் சுருங்கின. தீவுக்கு ஒன்று, பெருநிலத்துக்கு ஒன்று. கெலுகோர் அன்றுதான் நகரத்தோடு ஒரே ஆட்சியின் கீழ் வந்தது. அதற்காக யாரும் நம் வாசலுக்கு வந்து விருப்பம் கேட்கவில்லை.

அதே 1976இல் நாடாளுமன்றம் இரண்டு சட்டங்களை இயற்றியது. ஒன்று உள்ளூராட்சிச் சட்டம், 171ஆம் சட்டம். மற்றொன்று நகர, ஊரகத் திட்டமிடல் சட்டம், 172ஆம் சட்டம். இவை இரண்டும் ஏறத்தாழ நம் சங்கத்தின் வயதை ஒத்தவை. முதல் சட்டம் உள்ளூராட்சித் தேர்தலை அடியோடு எடுத்துவிட்டது. தலைவரையும், 8 பேருக்குக் குறையாமலும் 24 பேருக்கு மேற்படாமலும் உறுப்பினர்களையும் மாநில அரசே நியமிக்கும். இரண்டாவது சட்டம், யாரும் நிலத்தில் மேம்பாட்டுப் பணி தொடங்குமுன் உள்ளூராட்சி மன்றத்திடம் திட்ட அனுமதி பெற வேண்டும் என்றது.

இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் நம் நிலைமை புரியும். புது வீடுகளுக்கு அனுமதி தரும் அதிகாரம் முன்னைவிடப் பெருகியது. அந்த அதிகாரத்தைக் கையாள்பவரை வாக்குச்சீட்டால் மாற்றும் வழி அடைபட்டது. கெலுகோர் நகரத்துக்குள் வந்த அதே காலத்தில், நகரத்தார் தங்கள் மன்றத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை சட்டப்படி முடிவுக்கு வந்தது.

2012இல் பினாங்குச் சட்டமன்றம் உள்ளூராட்சித் தேர்தலை மீட்கச் சட்டம் நிறைவேற்றியது. 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அதற்கு இடமில்லை என்று தீர்ப்பளித்தது. 2015 மார்ச் 31இல் தீவு முழுவதும் மாநகரமாக உயர்த்தப்பட்டு, டத்தோ பத்தாஹியா இஸ்மாயில் என்ற பெண்மணி அதன் முதல் மேயரானார். ஒரு முஸ்லிம் பெண்மணி அப்பதவிக்கு வந்தது நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் மேயரும் நியமனம்தான், உறுப்பினர்களும் நியமனம்தான்.

நாம் கெலுகோருக்கு வந்தது எப்படி

1969இல் ஜார்ஜ் டவுனின் தீர்வையில்லாத் துறைமுகத் தகுதி பறிபோனது. துறைமுகத்தையும் அதை ஒட்டிய வணிகத்தையும் நம்பியிருந்த நம் சமூகத்துக்கு அது பெரிய அடி. அதே ஆண்டு பினாங்கு மேம்பாட்டுக் கழகம் தொடங்கப்பட்டது. 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக வட்டாரம் திறக்கப்பட்டு, மின்னணு ஆலைகள் வந்தன. வடக்கே பழைய நகரம், தெற்கே புதிய ஆலைகள். இரண்டுக்கும் நடுவில் இருந்தது கெலுகோர்.

1985 செப்டம்பரில் பினாங்குப் பாலம் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டபோது அதன் தீவுப்பக்க முனை கெலுகோரில் இறங்கியது. 13.5 கிலோமீட்டர் நீளப் பாலம் ஒன்று வந்து இறங்கும் இடத்தில் நிலத்தின் விலை என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிரவுன் கார்டன், ஐலண்ட் கிளேட்ஸ், மின்டன் ஹைட்ஸ் போன்ற தரைவீட்டுக் குடியிருப்புகளும், தாமான் துன் சார்டோன் போன்ற அடுக்குமாடிகளும், பிறகு கொண்டோமினியங்களும் தோட்டப்புறத்தை மூடின.

நம் குடும்பங்களில் பல இங்கே வந்து சேர்ந்ததற்கு மற்றொரு காரணம் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1948க்கு முன் கட்டப்பட்ட கடைவீடுகளுக்கு வாடகையை உயர்த்த முடியாதபடி அது காத்து வந்தது. தஞ்சோங்கில் மேல்மாடியில் மூன்று குடும்பங்கள், கீழே கடை என்று வாழ முடிந்தது அதனால்தான். 1997இல் அதை நீக்கும் சட்டம் வந்தது. 2000 ஜனவரி 1 முதல் பாதுகாப்பு இல்லை. வாடகை ஏறியது. பள்ளிவாசல் பாங்கு கேட்கும் தூரத்தில் தலைமுறைகளாக இருந்த குடும்பங்கள் கெலுகோருக்கும் சுங்கை டுவாவுக்கும் பாயான் பாருவுக்கும் பெருநிலத்துக்கும் சிதறின. 2008 ஜூலையில் ஜார்ஜ் டவுன் உலக மரபுரிமை நகரமாக அறிவிக்கப்பட்டபோது, அந்த மரபின் சொந்தக்காரர்களில் பலர் புறநகர் அடுக்குமாடிகளில் இருந்து அச்செய்தியைக் கேட்டோம்.

அனுமதி என்பது என்ன

புதுக் குடியிருப்பு எழுவதற்கு முன் இரு பெரிய கதவுகளைத் தாண்ட வேண்டும். நிலம் யாருக்கு, எந்தப் பயன்பாட்டுக்கு என்பது மாநில அரசின் அதிகாரம். நில அலுவலகத்தின் வேலை. அந்த நிலத்தில் எத்தனை மாடி, எத்தனை வீடு, சாலை எப்படி, வடிகால் எங்கே, மலைச்சரிவில் கட்டலாமா என்பது உள்ளூராட்சி மன்றத்தின் அதிகாரம். நம்மவர்கள் பலர் இந்த இரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்வதால், புகார் போக வேண்டிய இடத்துக்குப் போவதில்லை.

கட்டி முடித்த வீட்டில் குடிபுகலாம் என்ற தகுதிச் சான்றை முன்பு உள்ளூராட்சி மன்றம் கொடுத்து வந்தது. 2007 ஏப்ரல் முதல் அந்த முறை மாறி, திட்டத்துக்குப் பொறுப்பேற்ற கட்டடக் கலைஞரோ பொறியாளரோ நிறைவுச் சான்று கொடுக்கிறார். காத்திருப்பு குறைந்தது உண்மை. சரிபார்க்கும் பொறுப்பின் பெரும்பங்கு திட்டத்தைச் செய்பவர் பக்கமே போனதும் உண்மை.

இது ஏதோ அலுவலகச் சமாசாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. 1993 டிசம்பர் 11இல் சிலாங்கூரின் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் உயிரிழந்ததை நம்மில் பலர் தொலைக்காட்சியில் கண்ணீரோடு பார்த்தோம். குடியிருப்பாளர்கள் தொடுத்த வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை சென்றது. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95ஆம் பிரிவு உள்ளூராட்சி மன்றத்துக்குப் பாதுகாப்பு அளிப்பதால், சரிவுக்கு முந்திய குறைகளுக்கு மன்றத்தைப் பொறுப்பாக்க முடியாது என்று 2006இல் தீர்ப்பு வந்தது. அதாவது, வரைபடத்துக்கு அனுமதி கொடுத்த மன்றத்திடம் பிறகு போய் இழப்பீடு கேட்பது மிகக் கடினம். கேட்க வேண்டியதைக் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

நம் தீவிலும் எச்சரிக்கைகள் வந்தன. 2017 அக்டோபர் 21இல் தஞ்சோங் பூங்காவில் ஒரு கட்டுமான இடத்தில் மண் சரிந்து 11 பேர் மாண்டனர். மறு ஆண்டு அக்டோபரில் புக்கிட் குக்குஸில் 9 தொழிலாளர்கள் மண்ணுக்குள் போயினர். இறந்தவர்களில் பெரும்பாலோர் நம் முன்னோரைப் போலவே பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்தவர்கள். கடல் மட்டத்துக்கு மேல் 76 மீட்டர், அதாவது 250 அடிக்கு மேலிருக்கும் நிலமும், 25 பாகைக்கு மேல் சரிவுள்ள நிலமும் பினாங்கில் மலை நிலமாகக் கருதப்படுகின்றன. புக்கிட் கெலுகோர் அடிவாரத்தில் வாழும் நாம் இந்த இரண்டு எண்களையும் மனப்பாடம் செய்துவைப்பது நல்லது.

புவா பாலா கம்பம்

கெலுகோரில் வீட்டு மேம்பாட்டின் வரலாறு பேசும்போது புவா பாலா கம்பத்தைத் தாண்டிப் போக முடியாது. பிரவுன் குடும்பத் தோட்டத்தில் வேலை செய்தவர்களின் வழித்தோன்றல்களான தமிழ் இந்துக் குடும்பங்கள் அங்கே தலைமுறைகளாக வாழ்ந்து வந்தன. மாடும் ஆடும் வளர்த்தன. சுற்றிலும் கொண்டோமினியங்கள் எழுந்த பின்னும் பசு மேயும் ஒரு கிராமம் நகரத்தின் நடுவில் மிஞ்சியிருந்தது. அவர்கள் நம் அண்டை வீட்டார். அண்டை வீட்டாரின் உரிமை பற்றி நம் மார்க்கம் சொல்வதை இங்கே நினைவூட்ட வேண்டியதில்லை.

அந்த நிலம் மாநில அரசால் அரசு அதிகாரிகளின் கூட்டுறவுக் கழகம் ஒன்றுக்கு வழங்கப்பட்டு, அடுக்குமாடிகள் கட்ட மேம்பாட்டு நிறுவனத்தின் கைக்குச் சென்றது. தோட்ட முதலாளியின் குடும்பம் தங்கள் முன்னோருக்கென விட்டுச்சென்ற நிலம் அது என்பது கிராமத்தாரின் வாதம். வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை சென்றும் அவர்களுக்கு நிலம் கிடைக்கவில்லை. 2009 செப்டம்பரில் வீடுகள் இடிக்கப்பட்டன. குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு மாற்றாக இரட்டைமாடி வீடுகள் கொடுக்கப்பட்டன. எந்த அரசு எந்த ஆண்டில் எந்தக் கையெழுத்தைப் போட்டது என்று அரசியல்வாதிகள் இன்றும் வாதிடுவார்கள். அந்த வாதத்துக்குள் நாம் போகவில்லை.

நாம் பார்க்க வேண்டியது சட்டத்தின் பக்கம். 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத் தொகுப்பின் 48ஆம் பிரிவு, அரசு நிலத்தில் எத்தனை காலம் குடியிருந்தாலும் அதனால் மட்டும் உரிமை பிறக்காது என்கிறது. தற்காலிகக் குடியிருப்பு உரிமம் வைத்திருந்தாலும் அதே கதிதான். அந்த உரிமம் அந்த ஆண்டு டிசம்பர் 31ஓடு முடிந்துவிடும். நூறாண்டு வாழ்ந்தோம் என்பது நமக்குப் பெரிய சாட்சி. நிலச் சட்டத்தின் முன் அது சாட்சியே அல்ல.

திட்டமிடல் சட்டத்திலும் இதே நிலைதான். உள்ளூர்த் திட்டம் அரசிதழில் வெளியாகாத பகுதியில் ஒருவர் மேம்பாட்டு அனுமதி கேட்டால், மன்றம் பக்கத்து நிலத்தின் உரிமையாளர்களுக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அவர்கள் 21 நாள்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம், விசாரணையும் கோரலாம். இந்த உரிமை பதிவுபெற்ற உரிமையாளருக்குத்தான். வாடகைக்கு இருப்பவருக்கும், அடுத்தவர் நிலத்தில் பலகை வீடு கட்டி வாழ்பவருக்கும் கடிதம் வராது.

சன்ரைஸ் கார்டன்

இனி இதற்கு நேர்மாறான ஒரு வழக்கு. கெலுகோருக்குத் தெற்கே, சுங்கை ஆராவில், மலைச்சரிவு நிலத்தில் வீடுகள் கட்ட ஒரு மேம்பாட்டு நிறுவனத்துக்கு நகராண்மைக் கழகம் திட்ட அனுமதி கொடுத்தது. பக்கத்திலிருந்த சன்ரைஸ் கார்டன் கொண்டோமினியத்தின் நிர்வாகக் கழகமும் அண்டைவாசிகளும் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போனார்கள். வாரியம் அனுமதியை ரத்து செய்தது. நிறுவனம் நீதிமன்றம் சென்றது. பல ஆண்டுகள் இழுத்த வழக்கு 2023இல் கூட்டரசு நீதிமன்றத்தில் குடியிருப்பாளர்களுக்குச் சாதகமாக முடிந்தது. மலை நிலத்தில் மேம்பாடு கூடாது என்று மாநிலக் கட்டமைப்புத் திட்டம் சொல்லும்போது உள்ளூராட்சி மன்றம் அதை மீறி அனுமதி கொடுக்க முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம். அந்தக் கட்டமைப்புத் திட்டம் 2007இல் அரசிதழில் வெளியான ஒரு தடித்த புத்தகம். யாரோ சிலர் அதைப் பொறுமையாகப் படித்திருக்கிறார்கள்.

இரண்டு வழக்குகளும் ஒரே தீவில், ஒரே நகராண்மைக் கழகத்தின் எல்லைக்குள், அருகருகே நடந்தவை. ஒன்று நிலம் பற்றியது, மற்றது திட்ட அனுமதி பற்றியது என்பதால் இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது. கிராமத்தாரிடம் துணிவுக்குக் குறைவில்லை. ஊர் முழுவதும் அவர்களுக்காகப் பேசியது. ஆனால் சன்ரைஸ் கார்டன்காரர்களிடம் பட்டா இருந்தது. அந்தப் பட்டாவின் பேரில் சட்டம் ஏற்றுக்கொள்ளும் ஒரு நிர்வாகக் கழகம் இருந்தது. நாள் தவறாமல் மனுப் போட ஆள் இருந்தார். வாக்குச்சீட்டு இல்லாத உள்ளூராட்சியில் சாதாரணக் குடும்பங்களின் கையில் மிஞ்சியிருக்கும் கருவி இதுதான்.

நம் சொந்தப் பாடம்

காகிதத்தின் அருமையை நம் சமூகம் வேறு யாரிடமும் கற்க வேண்டியதில்லை. 1801இல் காதிர் முகைதீன் என்ற கப்பித்தான் கெலிங் பெற்ற 18 ஏக்கர் வக்ஃப் நிலம், நூறாண்டுக்குள் சர்ச்சையில் சிக்கியது. நிர்வாகம் பற்றிய முறையீடுகள் எழுந்தன. எது வக்ஃப், எது தனியார் சொத்து என்பதே குழம்பியது. கடைசியில் 1905இல் காலனி அரசு சட்டம் இயற்றி, இந்து முஸ்லிம் அறக்கட்டளை வாரியத்தின் கையில் நிர்வாகத்தை ஒப்படைத்தது. பள்ளிவாசலைச் சுற்றிய நெருக்கமான குடியிருப்புகள் அகன்று, சாலைகளும் கடைவீடுகளும் எழுந்தன. நம் முன்னோரின் கொடையுள்ளம் பெரியது. கணக்கும் ஆவணமும் அந்த அளவுக்கு வலுவாக இல்லை.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பதும் சாட்சி வைப்பதும் பற்றியது. அதை ஓதும் நாம், வீட்டுப் பத்திரம் எங்கே என்று கேட்டால் தேடுகிறோம்.

நம் குடும்பங்களில் பரவலாகக் காணும் ஒரு குறையை இங்கே மனம்விட்டுச் சொல்ல வேண்டும். அப்பா இறந்து இருபதாண்டு ஆகியிருக்கும். வீடு இன்னும் அவர் பெயரிலேயே இருக்கும். பங்கு பிரித்தால் அண்ணன் தம்பிக்குள் மனக்கசப்பு வரும் என்று எல்லாரும் வாய் திறக்காமல் இருப்பார்கள். பக்கத்து நிலத்தில் நாற்பது மாடி கட்ட யாராவது விண்ணப்பித்தால், மன்றத்தின் கடிதம் இறந்தவர் பெயருக்கு வரும். பழைய முகவரிக்குப் போனாலும் போகும். 21 நாள் கழிந்துவிடும். பிறகு வெயில் மறைகிறது, சாக்கடை நிரம்புகிறது என்று புலம்பிப் பயனில்லை. 1955ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டப்படி நில அலுவலகத்திலேயே வாரிசுப் பங்கீட்டை முடித்துக்கொள்ள வழி இருக்கிறது. மார்க்கம் வகுத்த பங்கைக் காலத்தில் கொடுத்துவிடுவது இறந்தவருக்கும் நல்லது, இருப்பவருக்கும் பாதுகாப்பு.

அடுக்குமாடியில் இருப்போருக்கு வேறொரு கடமை உண்டு. 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி வீட்டு உரிமையாளர்கள் சேர்ந்து நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உள்ளூராட்சியில் நமக்கு இல்லாத வாக்கு இங்கே இருக்கிறது. ஆனால் பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்தவருக்கு அந்த வாக்கும் இல்லை. ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு நம்மவர்கள் வருவது அரிது. ‘எந்த நேரமும் அவர்களே தலைவராக இருக்கிறார்கள்’ என்று குறை சொல்வதில் மட்டும் முந்திக்கொள்கிறோம். சூராவுக்கு இடம், ஜனாஸா வண்டி நிற்க இடம், பிள்ளைகள் விளையாட இடம் எல்லாம் அந்தக் கூட்டத்தில்தான் பேச வேண்டியவை.

சங்கம் செய்யக்கூடியதும் உண்டு. உள்ளூர்த் திட்டத்தின் வரைவு மக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது, ஒரு குழுவாகச் சென்று நம் பகுதியின் வரைபடத்தைப் பார்க்கலாம். கட்டுமான இடத்தில் வைக்கும் அறிவிப்புப் பலகையைப் படம் எடுத்து அனுப்பும் பழக்கத்தை இளைஞரிடம் வளர்க்கலாம். வெள்ளிக்கிழமை அறிவிப்புகளோடு, மன்றத்தின் அறிவிப்பையும் தமிழில் ஒரு வரி சொல்லலாம். சட்டம் படித்த பிள்ளைகள் இன்று நம் குடும்பங்களில் இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். மாதம் ஒரு மாலை அவர்கள் சங்கத்தில் அமர்ந்து, மூத்தோரின் பத்திரங்களைப் பார்த்துக் கொடுத்தாலே போதும். இவற்றுக்குப் பெரிய செலவும் இல்லை.

மண்ணின் பெயர் ஜாதிக்காய்த் தோட்டமாக இருந்தபோது நாம் இங்கே இல்லை. எல்லை விரிந்தபோது நம்மைக் கேட்கவில்லை. இனி நடப்பதையாவது தெரிந்து வைத்திருப்போம். அடுத்த முறை அந்த வரிக் கடிதம் வரும்போது, கட்டுவதற்கு முன் அதிலிருக்கும் பெயரைப் பாருங்கள். அது உங்கள் பெயர்தானா, அல்லது மறைந்துவிட்ட உங்கள் அப்பாவின் பெயரா என்று பாருங்கள். அப்பாவின் பெயராக இருந்தால், இந்தப் பொன்விழா ஆண்டிலேயே உடன்பிறப்புகள் ஒன்றாக உட்கார்ந்து அந்த வேலையை முடித்துவிடுங்கள்.

நம் வீடுகளில் பரக்கத்தையும், நம் அண்டை வீட்டாரோடு நல்லுறவையும் வல்ல அல்லாஹ் நிலைக்கச் செய்வானாக. ஆமீன்.